வலப்பக்கம் இருந்த மலை

ஐயா, அம்மா! இதை வாசிக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

பனிமலையைக் காணப் புறப்பட்ட ஒரு பெண்மணியைப் பொய் சொல்லி வேறு பக்கம் அனுப்பிவிட்டு, அவருக்குரிய இடத்தில் நான் ஏறி அமர்ந்து, அந்தப் பனிமலையைப் பார்த்தேன். அந்தப் பொய்யால் அவர் ஒரு காலின் நடையை இழந்தார். அவர் பெயர் பச்சையம்மாள். அடி அண்ணாமலையில் வாழ்ந்தவர். அவர் கண் மூடும் வரை உண்மையை அவரிடம் நான் சொல்லவில்லை.

குற்றம் இதுதான். இனி அது நிகழ்ந்த விதத்தைக் கேளுங்கள்.

நான் பள்ளிப் படிப்பை முடித்தவன் அல்லன். திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு அருகே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டாரிடம் பேசிப் பேசி ஆங்கிலம் கற்றேன். வானொலியைக் கேட்டு இந்தி கற்றேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த புத்தகங்களால் என் தமிழைத் திருத்திக்கொண்டேன்.

கடையின் தகரச் சுவரில் ஒரு காலண்டர் படம் ஒட்டியிருந்தது. நீல வானத்தின் கீழே வெள்ளை மலைகள்... பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் நிமிர்ந்து அதைப் பார்ப்பேன். எங்கள் மலையோ நெருப்பின் வடிவம். சித்திரை மாதத்தில் அதன் பாறைகள் விடும் அனல் தெருவுக்குள் வந்து முகத்தில் அறையும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு மலை வெண்ணிறமாய்க் குளிர்ந்து நிற்கக்கூடும் என்பதையே நம்ப முடியவில்லை. சாவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஒரே ஆசையாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊர்ச் சுற்றுலாப் பேருந்து முதலாளி ஒருவர் வட இந்திய யாத்திரைக்கு வழிகாட்டி ஒருவரைத் தேடினார். டில்லி, ஆக்ரா எல்லாம் முன்பே பார்த்தவன்தானா என்று என்னைக் கேட்டார். பலமுறை பார்த்தவன் என்றேன். காட்பாடிக்கு வடக்கே நான் காலடி வைத்ததில்லை!

அறுவடையை முடித்த குடும்பங்கள் புறப்பட்டன. பேருந்தின் கூரைமேல் அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் ஏறின. சமையற்காரரும் உடன் வந்தார். பச்சையம்மாள் தனியாக வந்திருந்தார். கணவரை இழந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தம் கையால் விளைவித்த மணிலாக் கடலையை விற்றுப் பயணச்சீட்டு வாங்கியிருந்தார். என்னை "கைடு தம்பி" என்று அழைப்பார். நான் அவரை அக்கா என்பேன்.

என்ன நாடு ஐயா, இது! டில்லியில், செங்கோட்டையின் மதிலை எங்கள் கூட்டமே அண்ணாந்து பார்த்தது. எங்கள் கோபுரங்களின் கீழ் வளர்ந்தவர்கள்தாம். உயரம் அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் அந்தச் சிவப்பு! ஆக்ராவில் விடியற்காலைப் பனிமூட்டத்திலிருந்து அந்த வெண்பளிங்கு மாளிகை மெல்ல மெல்ல வெளிப்பட்டது. தரையில் ஊன்றாமல் ஆற்றின் மேல் மிதப்பதுபோல் இருந்தது. பச்சையம்மாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"இவ்ளோ வெள்ளையா கட்டிப்புட்டு, எப்படித்தான் தொடைக்கிறாங்களோ" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை. என் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் முன்பே பார்த்தவன் என்று சொல்லிவிட்டேன். வாய் பிளந்து நிற்க எனக்கு உரிமை இல்லை! நெஞ்சு விம்ம விம்ம, சலித்துப்போனவன் முகத்தை வைத்துக்கொண்டு, இரவில் புத்தகத்தில் படித்தவற்றைப் பகலில் ஒப்பித்தேன். ஹரித்துவாரில் கங்கை பச்சை நிறத்தில் பாய்ந்து வந்தபோது, "தண்ணி ஓடுதா, கோவிச்சுக்கினு போவுதா" என்று பச்சையம்மாள் கேட்டார். அவர் முகத்தில் இருந்த வியப்பைக் கண்டு எனக்குப் பொறாமை ஏற்பட்டது. ஆம், பொறாமை!

அங்கிருந்து மசூரி என்னும் மலைநகருக்குச் சென்றோம். அந்தி மங்கும் வேளையில் சேர்ந்ததால் எதையும் காணவில்லை. பேருந்து மேலே ஏறாது. விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, உச்சியில் உள்ள ஒரு மேட்டிலிருந்து பனிமலையைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தவர் அனைவருக்கும் இடம் உண்டு. எனக்கு மட்டும் இல்லை. வழிகாட்டி பேருந்தருகே நிற்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

பலமுறை பார்த்தவனுக்கு எதற்கு இடம்? நியாயம்தானே!

அன்று விடியலில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு நின்றன. மேற்கே முழுநிலவு இன்னும் இறங்கவில்லை. பச்சையம்மாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, இன்னிக்குப் பௌர்ணமி. கல்யாணமாயி வந்ததுலேர்ந்து ஒரு பௌர்ணமிகூட நான் மலை சுத்தாம இருந்ததில்ல. மனசு ஒருமாதிரியா இருக்குது."

எதிரே, நிலவொளியில், ஒரு மலை தெரிந்தது. முன்பக்கம் உருண்டு திரண்டு, தனித்து நிற்பதுபோல் தோன்றியது. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு சாலை சென்றது.

"இதைச் சுத்தினா எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

எங்கள் ஊராரைத் தவிர வேறு யார் இப்படிக் கேட்பார்கள்? மலை என்றால் சுற்றி வரத்தக்கது. வலப்பக்கம் அதை வைத்து நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே அது கொண்டுவந்து சேர்க்கும். நாங்கள் அறிந்த மலை ஒன்றே. அது எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவே.

அந்த மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்ற சொல் நாவின் நுனியில் இருந்தது. ஆனால் ஜீப்பில் ஓர் இடம் காலியாகும் என்பது அதற்கு முன் என் மனத்தில் பளிச்சிட்டுவிட்டது...

"நம்ம மலைய விடக் கம்மிதான்க்கா" என்றேன். "மலைய வலப்பக்கமே வச்சிக்கினு நடங்க. வலப்பக்கம் மலை இருக்கற வரைக்கும் வழி தப்பாது. நாங்க திரும்பறதுக்குள்ள வந்துடுவீங்க."

"அப்போ பனிமலை?"

"அது மேகம் மாதிரிதான்க்கா இருக்கும். நான் எத்தினியோ வாட்டி பாத்துட்டேன். சாமி காரியம்தான் ஜாஸ்தி முக்கியம்."

அவர் சிறிது யோசித்தார். "அதுவும் சரிதான். எனக்கும் சேத்து நீ பாத்துட்டு வந்து சொல்லு தம்பி" என்றார்.

செருப்பைக் கழற்றிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தார். அந்தக் குளிரில், வெறுங்காலுடன், எதிரே இருந்த மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டு நடந்தார். நான் அவருடைய இடத்தில் ஏறி அமர்ந்தேன்.

மேட்டின் விளிம்பில் நின்று முதலில் மேகம் என்றே எண்ணினேன். பின்னர்தான் விளங்கிற்று. மேகங்கள் கீழே கிடந்தன. அவற்றுக்கு மேலே, வானம் என்று நான் நினைத்திருந்த இடத்தில், மலை நின்றுகொண்டிருந்தது! ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, பார்வை போய்ச் சேராத தொலைவு வரை...

கதிரவனின் முதல் ஒளி ஓர் உச்சியைத் தொட்டது. அது சிவந்தது. பிறகு அடுத்தது. பிறகு மூன்றாவது. கார்த்திகையில் எங்கள் மலையுச்சியில் ஒற்றைத் தீபம் ஏறும் அந்தக் கணத்துக்காக ஊரே காத்து நிற்கும். இங்கே உச்சிக்கு உச்சி தீபம் ஏறியது. ஏற்றுபவர் யாரும் இல்லை, காத்திருந்து கூவுபவர் யாரும் இல்லை! அந்த அமைதியில் என் மூச்சின் ஓசை எனக்கே அநாகரிகமாகக் கேட்டது. நான் என்னும் ஒருவன் இருந்ததையே சில நேரம் மறந்தேன்.

அருகே நின்ற ஏழுமலை என்னும் குடியானவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இன்னா கைடு, இப்பத்தான் புதுசா பாக்கற மாதிரி அழுவுற?" என்றார்.

குளிர்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

தாங்களே சொல்லுங்கள்... திருடிய கண்ணுக்கும் அந்த மலை தன்னை முழுமையாகக் காட்டியதே, அது எப்படி? ஒரு சிறு மேகமாவது குறுக்கே வந்து மறைத்திருக்கலாகாதா? மறைக்கவில்லை. என் வாழ்நாளின் மிகப் பெரிய காட்சி அதுவே. அதை இன்றளவும் என்னால் வெறுக்க இயலவில்லை. இதுவும் என் குற்றத்தில் சேரும்.

திரும்பியபோது பச்சையம்மாள் வரவில்லை. காலைச் சிற்றுண்டி ஆறியது. நண்பகல் ஆயிற்று. இப்போது வந்துவிடுவார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தச் சாலையில் ஓட்டுநருடன் நெடுந்தூரம் நடந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் என் கால்கள் நின்றுவிட்டன.

அது தனி மலை அன்று! அதன் முதுகை இன்னொரு மலை பற்றியிருந்தது, அதை மற்றொன்று. வலப்பக்கம் மலை முடியவே முடியாது. அந்தச் சாலையிலிருந்து கிளைத்த பாதைகளில் எதில் போனாலும், நான் சொன்ன அடையாளம் கூடவே வரும்...

பொழுது சாயும் வேளையில் பால்காரர் ஒருவர் கோவேறு கழுதைமேல் அவரை ஏற்றி வந்தார். பாதையின் ஓரம் சரிந்து, கீழே உருண்டு, முழங்கால் நொறுங்கிக் கிடந்தாராம். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆயினும் என்னைக் கண்டதும் சிரிக்க முயன்றார்.

"தம்பி, இந்த மலை முடியவே மாட்டேங்குது. ஒண்ணு முடிஞ்சா அதப் புடிச்சிக்கினு இன்னொண்ணு நிக்குது. வலப்பக்கம் மலை இருக்குதே, சரியாத்தான் போறோம்னு நடந்துக்கினே இருந்தேன்."

பால்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று பச்சையம்மாள் கேட்டார். கால் சரியாகிவிடும் என்று சொல்வதாகச் சொன்னேன்.

அவர் சொன்னது அதுவன்று. அந்தப் பாதை நெடுகிலும் இடப்பக்கம் பனிமலைதான். காலை முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. இந்த அம்மா கண்குளிரப் பார்த்திருப்பாரே என்றார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இடப்பக்கம் எதையாவது பார்த்தீர்களா அக்கா என்றேன்.

"சாமி இந்தப் பக்கம் இருக்க, அந்தப் பக்கம் எதுக்குப் பாக்கறேன்? அங்க ஒரே பள்ளம். தலை சுத்தும்னு முந்தானைய இழுத்து மறைச்சிக்கினேன்."

டேராடூனில் கட்டுப் போட்டார்கள். ஊருக்கு வந்தும் அந்தக் கால் மடங்கவில்லை. ஒரு பௌர்ணமியையும் தவறவிடாத அவர், அதன்பின் எங்கள் மலையை ஒருமுறைகூடச் சுற்றவில்லை. அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான் ஐயா! அதை நான் எடுத்துக்கொண்டேன். "பெரிய மலை, என் கால வாங்கிக்கிச்சு" என்று ஊராரிடம் பெருமையாகச் சொல்வார். என்மேல் அவருக்கு ஒரு துளி ஐயமும் இல்லை.

அவர் வீடு கிரிவலப் பாதையின் மேலேயே இருந்தது. பௌர்ணமிதோறும் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, நடப்பவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பார். தமக்காகவும் சேர்த்துச் சுற்றும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். சுற்றினேன். அவர் வாசலை அடையும்போதெல்லாம் என்னை உட்காரவைத்து, பனிமலையைச் சொல்லச் சொல்வார்.

சொன்னேன். ஆண்டுக்கணக்கில் சொன்னேன்! மேகம் கீழே கிடந்ததை, உச்சிகள் சிவந்ததை... நான் ஒன்றை விட்டால் அவர் விடமாட்டார். "மூணாவது உச்சிய வுட்டுட்டியே" என்பார். போகப் போக என்னைவிட அவருக்கே அது நன்றாகத் தெரிந்திருந்தது.

புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு பௌர்ணமி. படுக்கையில் இருந்தார். அன்றும் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பற்றினார்.

"அன்னிக்கு எனக்குப் பதிலா நீ போனதே நல்லதாப் போச்சு தம்பி. நான் போயிருந்தா எனக்கு இப்படிச் சொல்லத் தெரிஞ்சிருக்காது."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்... அடுத்த பௌர்ணமிக்குமுன் அவர் போய்விட்டார்.

அன்று நான் மௌனம் காத்தது அவருடைய மனம் நோகக்கூடாது என்பதற்காகவா? அந்தப் பாராட்டை இழக்க மனமில்லாமலா? எனக்கே விடை தெரியவில்லை. தங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் இதை எழுதவில்லை. தர வேண்டியவர் தாங்கள் அல்லர்.

இப்போதும் பௌர்ணமிதோறும் சுற்றுகிறேன். மலை என் வலப்பக்கம் இருக்கிறது. அடி அண்ணாமலையில் அவர் வீடு இடப்பக்கம் வரும். அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தத் தாள்களைத் தயைகூர்ந்து எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.