அடி தாங்கும் எலும்பு

வருஷத்துக்கு மூன்று தடவையாவது சித்தி குளியலறையில் வழுக்கி விழுவாள். ஊரப்பாக்கத்து வீட்டில் லீவுக்குத் தங்கும் நான் அதே குளியலறையில் குதியாட்டம் போட்டும் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதை என் திறமை என்றே நம்பியிருந்தேன்.

ஒருமுறை விழுந்ததில் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் மூன்று போயின. அடுத்த லீவில் தாம்பரத்துப் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் எலும்பு கரைந்துவிட்டது, புதுப் பல்லுக்குப் பிடிமானமில்லை, மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் சவ்வைத் தூக்கி அடியில் எலும்பு நிரப்ப வேண்டும் என்றார். மேசையில் எலும்புத் தூள் அடைத்த சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தார். சொந்த எலும்பு நன்றாக ஒட்டும், ஆனால் தாடையில் இன்னொரு இடத்தை வெட்ட வேண்டும். இறந்தவர்கள் தானம் தந்ததும் உண்டு. மாட்டெலும்பு மெதுவாகத்தான் கரையும். செயற்கைத் தூள் சீக்கிரம் கரைந்துவிடலாம்.

"மாட்டெலும்பு வச்சா சித்தி புல்லு தின்பாங்களா டாக்டர்?" என்றேன்.

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். "எங்க வீட்டுக் கோமாளி மேடம்!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செல்போன் அடித்து சித்தப்பா வெளியே போனதும் சித்தி மெல்லக் கேட்டாள். "இதுல எது மேடம் அடி தாங்கும்?"

டாக்டரம்மா குப்பியைக் கீழே வைத்தார். "எதுவும் தாங்காதும்மா. ஆறு மாசத்துக்கு அந்தப் பக்கம் லேசாக்கூட அடி படக் கூடாது." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பாத்ரூம்லதான விழுந்தீங்க?"

"ஆமா மேடம்."

திரும்பும்போது ரயிலில் சித்தப்பா பொதுப் பெட்டியில் ஏறினார், நாங்கள் பெண்கள் பெட்டியில். ஊரப்பாக்கம் வந்தும் சித்தி எழுந்திருக்கவில்லை.

"சித்தி, ஸ்டேஷன் வந்துடுச்சு!"

"தெரியும்டா. செங்கல்பட்டுல எங்கண்ணன் வீட்டுக்குப் போலாம். சத்தம் போடாம உக்காரு." என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நடைமேடையில் சித்தப்பா எங்களைத் தேடித் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் தொலைந்துபோய் நிற்பது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

"சித்தப்பா! இங்க இருக்கோம்! சித்தி எறங்க மாட்டேங்கறாங்க!"

வண்டி நகருமுன் ஓடிவந்து வாசல் கம்பியைப் பிடித்தார். "தூங்கிட்டியாம்மா?" என்று பெட்டிக்கே கேட்கும்படி சிரித்தார்.

சித்தி என் கையை விட்டாள். "ஆமா, தூங்கிட்டேன்."

ஸ்டேஷன் வாசலில் சித்தப்பா எங்கள் இருவருக்கும் பால் ஐஸ் வாங்கித் தந்தார். சித்தி தொடவேயில்லை. பல் கூச்சமாக இருக்கும் என்று நினைத்து, அவளுடையதையும் நானே தின்று தீர்த்தேன்.