டமாரம் டீச்சரின் கடுகுப் பெட்டி

எங்கள் பள்ளிக்கூடத்து மாடியில் மூன்றாம் வகுப்புக்கும் என்னுடைய ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது சுவரல்ல, வெறும் பலகைத் தடுப்பு. தரையும் பலகைதான். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் என் கையிலிருக்கும் சாக்பீஸ் வழுக்கும். இந்த லட்சணத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குத் தாளம் என்றால் உயிர். பிஸ்கட் டப்பா, ஸ்கேல், தண்ணீர் பாட்டில் என்று எது கிடைத்தாலும் பிள்ளைகளிடம் கொடுத்து, "இதுக்குள்ள என்னென்ன சத்தம் ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். பள்ளி முழுக்க அவருக்கு டமாரம் டீச்சர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

நான் கணக்கு வாத்தியார். முன்கோபி என்று என் மனைவியே சொல்வாள், அதனால் மறைப்பதற்கில்லை. பின்னப் பெருக்கல் நடத்தும் நேரத்தில் பக்கத்தில் இடி இடித்தால் டஸ்டரால் தடுப்பை ஓங்கித் தட்டுவேன். ஐந்து நிமிடம் அடங்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

அந்த டீச்சருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எனக்கு இது தெரிந்தது ரொம்பப் பிந்தி. அவருக்கே ஒரு தீப்பெட்டியால்தான் தெரிந்ததாம்.

அன்று பிள்ளைகள் காலித் தீப்பெட்டிகளில் மொச்சை, அரிசி, கடுகு என்று போட்டு, காகிதம் ஒட்டி, கிலுகிலுப்பை செய்துகொண்டிருந்தார்கள். அரட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண், தன் பெட்டியை டீச்சரின் காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். டீச்சர் சிரித்தார். "வெறும் பெட்டியை ஆட்டுறியே கண்ணு! உள்ள எதையாவது போட்டு ஒட்டு." அரட்டை காகிதத்தைப் பிரித்தாள். பாதிப் பெட்டி கடுகு பலகைத் தரையெல்லாம் சிதறி ஓடியது. பிள்ளைகள் குனிந்து பொறுக்கினார்கள். டீச்சர் மெதுவாக இன்னொரு கடுகுப் பெட்டியை எடுத்து, முதலில் வலது காதிலும் பிறகு இடது காதிலும் வைத்து ஆட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "அந்தப் பெட்டியையும் பிரிச்சுப் பாத்தேன் சார், உள்ள கடுகு இருந்துச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து பயம் அவரை விடவில்லை. கனத்த சத்தங்கள் கேட்டன. மெல்லிய சத்தங்கள், கீச்சுக் குரல்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவது எல்லாம் நழுவிப் போயின. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கீச்சுக் குரல்தானே இருக்கும்? யாரிடமாவது சொன்னால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, ஆபீஸ் மூலையில் உட்காரவைத்து ஃபைல் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். சொல்லாமல் இருந்தாலோ அதைவிடப் பெரிய பயம். மாடிப்படியில் பின்னால் வரும் ஒரு பிள்ளை கால் தவறி விழுந்து, "டீச்சர்" என்று கத்தி, அது தன் காதில் விழாமலே தான் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டால்? மூன்று படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்குவார். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

வீட்டிலும் வாய் திறக்கவில்லை. அவர் கணவர் தையல்காரர். "டிவியை ஏன் இப்படி அலற விடுற?" என்று அவர் கேட்டால், "உங்க மெஷின் போடுற சத்தத்துல எனக்கு எங்க கேக்குது?" என்று டீச்சர் பழியைத் தையல் மெஷின்மேல் போட்டுவிடுவார். அந்த நல்ல மனுஷன் மெஷினுக்கு இரண்டு முறை எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் தடுப்புக்கு அப்பாலிருந்து புதிதாக ஒரு சத்தம் கிளம்பியது. டம், டம். பலகைத் தரையில் இரண்டு மிதி. கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி டம், டம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. என் மேசை அதிரும், மைக்கூடு நகரும். பிள்ளைகளுக்குத் தாளப் பித்து முற்றிவிட்டது என்றுதான் டீச்சரே நினைத்திருந்தார். மிதித்தால் தரை அதிரும், அதட்டத் திரும்புவார், யாராவது சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கியபடி நிற்பார்கள், அதட்ட வந்தது மறந்துபோகும்.

நான் நேரில் போய்ச் சண்டை போட்டேன். "எத்தனை தடவை சொல்றது? உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுதான்!" அவர் முகம் வெளுத்துவிட்டது. நறுக்கென்று கேட்டுவிட்டோம் என்று நான் பெருமையாகத் திரும்பி வந்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அத்தோடு விட்டேனா? தலைமையாசிரியரைத் தாண்டி, கல்வி அலுவலகத்துக்கே எழுதிப்போட்டேன். இரண்டு வாரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். புகார் கொடுத்தவன் என்ற முறையில் என்னையும் மூன்றாம் வகுப்பு வாசலில் நிற்கவைத்தார்கள்.

பிள்ளைகள் மழை செய்து காட்டினார்கள். முதலில் கடுகுப் பெட்டிகளால் தூறல், பிறகு அரிசி, மொச்சை, தொடையில் தட்டல், கடைசியில் தகர டப்பா இடி. டீச்சர் அவர்களுடைய கைகளையே பார்த்து ஏற்றி இறக்கினார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. என் புகார் பிசுபிசுத்துவிடும் என்று எனக்குக் கடுப்பாக இருந்தது.

"அடுத்து என்ன?" என்றார் அதிகாரி.

"பெட்டி விளையாட்டு மேடம்! கண்ணை மூடிக்கிட்டு உள்ள என்னன்னு சொல்லணும்!" என்று கத்தினான் ஒரு பையன். "டீச்சர் இதுவரைக்கும் விளையாடினதே இல்ல!"

"அப்ப இன்னைக்கு டீச்சர்தான். கண்ணை மூடுங்க டீச்சர், நான் ஆட்டுறேன்" என்றார் அதிகாரி.

தப்பிக்க வழியில்லை. டீச்சர் கண்ணை மூடினார். முதல் பெட்டி கடகடத்தது. "மொச்சை." பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவது ஏதோ லேசாக உரசியது போலிருந்தது. "அரிசி" என்று குத்துமதிப்பாகச் சொன்னார், அதுவும் சரி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. ஆட்டுகிறாரா, இன்னும் எடுக்கவே இல்லையா? நேரம் போய்க்கொண்டே இருந்தது. வாசலில் நின்ற எனக்கு அவர் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்குவது தெரிந்தது.

"எனக்கு... ஒண்ணுமே கேக்கல மேடம்."

வகுப்பே ஆர்ப்பரித்தது. ஏமாற்றுவதற்கென்று பிள்ளைகள் வைத்திருந்த காலிப் பெட்டி அது. சரியான விடை! அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வேறு யாராக இருந்தாலும் மூச்சு விட்டிருப்பார்கள்.

டீச்சர் குனிந்து மேசையிலிருந்து ஒரு கடுகுப் பெட்டியை எடுத்து நீட்டினார். "இதையும் ஆட்டுங்க மேடம். இதுவும் எனக்குக் கேக்காது."

அதிகாரி ஆட்டினார். வாசல்வரை எனக்குக் கேட்டது.

"நிஜமாவே கேக்கலையா?"

"இல்ல மேடம். நாலஞ்சு மாசமா."

ஏன் அப்படித் தானாகப் போய் மாட்டிக்கொண்டீர்கள் என்று பிறகு கேட்டேன். "கண்ணை மூடி நிக்கறப்ப தோணுச்சு சார். பின்னாடி ஒரு புள்ள விழுந்து கூப்பிட்டாலும் நான் இப்படித்தானே மரம் மாதிரி நிப்பேன்?"

வகுப்பில் அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அப்போது அரட்டை எழுந்தாள். "எங்களுக்குத் தெரியும் மேடம். அதான் நாங்க டீச்சரை வாயால கூப்பிடுறதே இல்ல. டீச்சர், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க." டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அரட்டை காலைத் தூக்கித் தரையில் இரண்டு மிதி மிதித்தாள். டம், டம். டீச்சர் சட்டென்று திரும்பினார். "கடுகு கொட்டுன அன்னைக்கே எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்" என்றாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தன் ஃபைலில் இருந்த என் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லீவு போட்டுட்டுக் காதைக் காட்டுங்க. டாக்டர் ரிப்போர்ட் வரட்டும். வகுப்பு தர்றதா வேண்டாமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

மூன்று வாரம் வேறொருவர் வந்து வாயில் விரல் வைத்து வகுப்பை அடக்கினார். நான் கேட்ட அமைதி எனக்குக் கிடைத்தது. ஒரு கணக்குகூட ஒழுங்காக நடத்த முடியவில்லை. திங்கட்கிழமை டீச்சர் வந்துவிடுவார் என்று பியூன் சொன்னார். திங்கட்கிழமை மணி அடித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பதரை ஆயிற்று, பத்தும் ஆயிற்று. ஒரு மிதிகூட இல்லை. ரிப்போர்ட் மோசமாகியிருக்குமோ, வகுப்பைப் பிடுங்கியேவிட்டார்களோ, என் கடிதத்தால்தானே எல்லாம் என்று பயம் பிடித்துக்கொண்டது. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். காதின் பின்னால் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கருவி. கடைசி பெஞ்சிலிருந்து அரட்டை, மிதிக்காமல், சாதாரணக் குரலில், "டீச்சர்" என்றாள்.

அவர் திரும்பினார். வாசலில் மூச்சு வாங்க நின்ற என்னையும் பார்த்துவிட்டு, பதறிப்போய்க் கேட்டார்:

"என்ன சார், சத்தம் அதிகமா இருக்கா?"