குட்டைச் சுவரின் இரண்டு பக்கம்

கல்யாணமாகிப் பல வருஷம் ஆன புருஷனும் பெண்டாட்டியும் விட்டுப்போன காதலைத் திரும்பப் பிடிக்கப் பாடுபடுகிற சிரிப்புப் படங்கள் இந்த மாதம் மட்டும் டிவியில் மூன்று பார்த்துவிட்டேன். மூன்றிலும் மலைவாசஸ்தலம், மூன்றிலும் அறை மாறி நுழைகிற கணவன், மூன்றிலும் நேரங்காலம் தெரியாமல் நடுவில் வந்து நிற்கிற பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்து என் மனைவி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எட்டு வயதில் அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் தென்காசியில் இருந்தோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அப்பா தினமும் சேக்காளிகளோடு சைக்கிளில் அருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார். அம்மாவை அந்த வருஷம் ஒரு தடவைகூட அழைத்துப் போகவில்லை. அம்மா கேட்டாள், அப்பா எரிந்து விழுந்தார், பேச்சு நின்றது. அதன்பின் எல்லாம் என் வழியாகத்தான்.

“சோறு வச்சிருக்குன்னு சொல்லுலே.”

“பெறவு திங்கேன்னு சொல்லு.”

இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். நடுவில் நான் நின்று திருப்பிச் சொல்வேன். நாளொன்றுக்கு இருபது, இருபத்திரண்டு சேதி. வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தலைசீவிப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மத்தியான ஆட்டத்துக்குப் போவணும்னு சொல்லு.”

“போவட்டும்னு சொல்லு.”

“தனியா போவ மாட்டேன்னு சொல்லு. அவங்க கெளம்புத வரைக்கும் இங்கனயே நிப்பேன்னும் சொல்லு.”

நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் பதினேழு நிமிஷம். அப்பா சட்டையை மாட்டினார்.

சினிமாக் கொட்டகையில் பெஞ்சு வகுப்பில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவே என் நெஞ்சளவுக்கு ஒரு குட்டைச் சுவர். அம்மா என்னோடு சுவரையொட்டி உட்கார்ந்தாள். அப்பா அந்தப் பக்கம் நாலு ஆள் தள்ளி உட்கார்ந்தார். படத்தில், புருஷன் கவனிக்காத ஒரு பெண்டாட்டி அவன் கண்ணில் படுவதற்கு விதவிதமாக வேஷம் போடுகிறாள். கொட்டகையே சிரித்தது. அரைமணி நேரத்தில் சாரல் வலுத்துத் தகரக் கூரை தடதடத்தது.

“எனக்குக் கேக்கல. அவ என்ன சொன்னான்னு அப்பாட்ட கேட்டுட்டு வா.”

சுவரேறிக் குதித்துக் கேட்டேன். “காப்பி வேணுமான்னு கேட்டா.” திரும்ப ஏறி வந்து சொன்னேன். இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை அம்மா கேட்கச் சொன்னபோது, படத்தில் அந்தப் பெண்டாட்டி ஒட்டுமீசையைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புருஷன் முன்னால் வந்து நின்றாள். இதை விட்டுவிட்டுப் போவதா? பெஞ்சை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“மாட்டேன். நீயே கேட்டுக்கோ.”

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, “இங்கேருங்க, அவ என்ன சொல்லுதா?” என்று உரக்கக் கேட்டாள்.

ஆண்கள் பக்கம் நாற்பது தலையாவது திரும்பியிருக்கும். அப்பா திரும்பவில்லை.

“அண்ணாச்சி, ஒங்களத்தான். மதினி கேக்காவல்லா, சொல்லுங்க,” என்றார் பின்பெஞ்சுக்காரர் ஒருவர்.

அப்பா எழுந்து சுவரருகே வந்தார். “ஏட்டி, உக்காரு. மானத்த வாங்காத.”

“அவ என்ன சொன்னா?”

அப்பா திரையைப் பார்த்தார், சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். “என்னய ஒரு தடவ ஏறெடுத்துப் பாருங்கன்னு சொல்லுதா.”

“அதுக்கு அவன் என்ன சொல்லுதான்?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லச் சொல்லுங்க.”

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. அப்பாவின் முகம் முதலில் கோணியது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். படம் முடிகிற வரை சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு நேராகவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் சேதிக்காக நடுவீட்டில் காத்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. பூஜ்யம். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அம்மா அருவிக்குப் போனாள். மாட்டேன் என்று சொல்லி வேலையைக் கெடுத்துக்கொண்டேனே என்று அழுதேன்.

படம் தொடங்குமுன் கொட்டகையின் ஒலிபெருக்கிகளை எண்ணியிருந்தேன். நான்கு. ஆண்கள் பக்கம் இரண்டு, பெண்கள் பக்கம் இரண்டு. அதில் ஒன்று அம்மாவின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சாரலிலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எண்ணத்தான் தெரிந்திருந்தது எனக்கு.