சிஞ்ஞோரா கேட்ட முறைப்பு

அந்தப் படங்களைக் கண்டாலே பிரேமினிக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தாலியில், கால்சாப் பகுதியில், எசமானி சிஞ்ஞோரா அகொஸ்தீனாவின் வரவேற்பறைச் சுவர் முழுக்க ஜப்பான் நாடகக்காரர்கள். பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றிய பழங்காலப் படங்களாம். வெள்ளை பூசிய முகம், ஏறிய புருவம், மூக்கைப் பார்க்கும் கண். வன்னியில் அவ்வளவு சாவுக்கும் தப்பி வந்தவளுக்கு இத்தாலி கொடுத்த உத்தியோகம், இந்த மூஞ்சிகளின் கண்ணாடியைத் துடைப்பது.

சிஞ்ஞோராவின் பிறந்தநாளன்று மத்தியானம், ஒரு கிமோனோவும் வெள்ளைப் பசையும் அவள் முன்னால் வந்து விழுந்தன.

"இந்த வேடத்தில் பரிமாறு. உனக்கு நன்றாகப் பொருந்தும். நீயும் ஆசியாக்காரிதானே?"

பொருந்துமாம்! வவுனியாவில் அப்பா செத்து இன்னும் முப்பத்தோராம் நாள் கழியவில்லை, சாவுத் துடக்கு தீரவில்லை. கலியாணம் ஆகாத ஒரே மகள், போய் முகம் பார்க்கவும் வழியில்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி முடிந்திருந்தது, புதுப்பிக்க சிஞ்ஞோராவின் வேலைக் கடிதம் வேண்டும். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதனால் பிரேமினி சாவை மறைத்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். பொட்டில்லாத நெற்றியை அந்த வீட்டில் யார் பார்த்தார்கள்?

குசினிக்குள் போய், அறையில் கூட இருக்கும் கேசினிக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா மோசம் போயிட்டாரெண்டு சொல்லனடி" என்றாள் கேசினி.

"துடக்கோடை அவளின்ரை குசினிக்குள்ளை நிண்டு சமைச்சனான் எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது?"

"அவளுக்குத் துடக்கெண்டால் என்னெண்டு தெரியுமோ, விசரி?"

"எனக்குத் தெரியுமெல்லோ. திங்கள் மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

சட்டைக்கு மேலேயே கிமோனோவைச் சுற்றிக்கொண்டாள். சிஞ்ஞோரா தன் கையாலேயே பசையைப் பூசி, புருவம் எழுதி, தள்ளி நின்று ரசித்தாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். அவள் தட்டை நீட்டும்போதெல்லாம் சிரித்தார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள். வைன் கிளாசோடு நின்ற ஒரு கிழவர் சுவரிலிருந்த ஒரு நாடகக்காரனைக் காட்டி, "அவனைப் போல ஒருதரம் முறை, பார்ப்போம்!" என்றார். "காட்டு, காட்டு" என்றாள் சிஞ்ஞோரா.

பிரேமினி தட்டை மேசையில் வைத்துவிட்டு முறைத்தாள். அதற்கு ஒரு பயிற்சியும் தேவைப்படவில்லை. சாப்பிடப் போன வாய்கள் அப்படியே நின்றன. பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஆத்திரத்துக்குக் கை தட்டினார்கள்!

"என்ரை அப்பா செத்துப் போனார்!" என்று கத்தினாள்.

ஜப்பான் வசனம் என்று நினைத்துக்கொண்டார்கள் பாவிகள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மேசை விரிப்பின் நுனியை இழுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். அதையே இத்தாலியனில் நிறுத்திச் சொன்னாள். இப்போது ஒருவரும் தட்டவில்லை.

சிஞ்ஞோராதான் வாய் திறந்தாள். "இதைச் சொல்ல உனக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது?"

கடிதமும் திங்கட்கிழமையும் நாசமாய்ப் போகட்டும். பிரேமினி கிமோனோவை உரித்துக் கேக்கின் மேல் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.