தலைக்குத் தண்ணீர்

தொண்டை அடைப்பான் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பிடித்தது. ஒன்று என் மகள். மற்றது என் கணவரின் அக்காள் மகன். இருவர் தொண்டையிலும் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து, மூச்சு இழுக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் டாக்டரம்மா வில்வண்டியில் வந்தார். ஊசி மருந்து வெளியூரிலிருந்து வந்து சேரத் தாமதமாயிற்று. ஆனாலும் போட்டபின் தோல் உரிந்தது. பிள்ளைகள் கஞ்சி கேட்டார்கள்.

நாங்கள் சிரித்த அன்றைக்குத்தான் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். வெள்ளைக்காரர், புத்தகத்தில் படித்த தமிழ்.

"இனிமேல்தான் ஆபத்து. கிருமி தொண்டையில்தான் இருக்கிறது. அது கக்கிய விஷம் இரத்தத்தில் போய் இதயத்தைப் பிடித்திருக்கும். நான் சொல்லும்வரை பிள்ளைகள் எழுந்து உட்காரவும் கூடாது."

வாந்திபேதியிலும் விஷம்தானே, அதில் பிழைத்தவர்கள் எழுந்து நடக்கிறார்களே என்று கேட்டேன். அந்த விஷம் குடலோடு நின்று உடம்பின் நீரை இறைத்துவிடும், வற்றாமல் காத்தால் பிழைக்கலாம் என்றார். இசிவு நோயின் விஷமோ நரம்பில் ஏறி உடம்பை வில்லாக வளைக்கும். அது கண்ணுக்குத் தெரியும். இந்த விஷம் வெளியே எதையும் காட்டாமல் இருந்துவிட்டுக் கொல்லுமாம்.

என் கணவரின் அக்காளான மதினிக்கு இது காதில் ஏறவில்லை. அம்மை இறங்கினால் செய்வதுபோல, வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் விட வேண்டும், ஆற்றங்கரையிலுள்ள குறுக்குத்துறை முருகனைக் கும்பிட வேண்டும் என்று நின்றார்.

"இது அம்மை இல்ல மதினி. படுத்தே கெடக்கட்டும்."

"ஓடியாடுத பிள்ளைய நோயாளி ஆக்குதியே. வெள்ளைக்காரி சொன்னா ஒனக்கு வேதவாக்கு!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் மகளைத் தொட்டால் நடப்பதே வேறு என்று கத்தினேன். மறுநாளே அவள் குரல் கொணகொணவென்று மாறியது. குடித்த பால் மூக்கு வழியே வந்தது.

"பாத்தியா, படுக்கப் போட்டே கெடுத்துட்ட."

பதில் சொன்னேனே தவிர, மதினி சொல்வதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம்.

வெள்ளிக்கிழமை காலையில் மதினி தன் மகனுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டார். அவனை ஆற்றுக்கு நடக்க விடாதீர்கள் என்று அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "எம் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று விலக்கிவிட்டார். பையன் புதுத் துண்டு கட்டிக்கொண்டு ஆற்றுக்கு நடந்து போனான். என் மகள் தானும் போவேன் என்று அழுதாள்.

உச்சிக்கு முன்பே பையனைத் தூக்கி வந்தார்கள். மணலில் கொஞ்சம் ஓடினானாம். "அம்மா, நெஞ்சு என்னமோ செய்யுது" என்று உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். பிறகு மூச்சில்லை.

சத்தம் கேட்டு என் மகள் எழப் பார்த்தாள். நான் நகர்வதற்குள் மதினி முற்றத்திலிருந்து உள்ளே ஓடிவந்து அவளைப் படுக்கையோடு அமுக்கினார்.

"எந்திரிக்காதட்டி, எந்திரிக்காத."

பல வாரம் கழித்து, அந்த விஷத்தால் மாறிய குரலும் தெளிந்தபின், இனி நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மதினி விடவில்லை. அந்த ஐந்து வயதுப் பெண்ணை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.