பிள்ளை மேல் சத்தியம்

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். முதல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் ஆறாவது காம்பராவில் தும்முவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஜெயந்தினிக்கு வந்த வியாதி என் எதிரிக்கும் வரக்கூடாது.

ஜெயந்தினிக்கு முப்பத்தொரு வயது. கொட்டகலைப் பக்கத்தில் பிறந்து, றொசல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் நிரோஷன் கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மகளுக்கு மூன்று வயதானபோது இவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள். அந்த இரண்டு வருஷமும் பிள்ளை பகலெல்லாம் என்னோடுதான் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மலையில் இவள் நிற்கும் நிரையில்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். கங்காணி நடப்பதுபோல நடந்து காட்டுவாள். அட்டை கடித்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் வம்சத்தையே திட்டுவாள். அப்படிப்பட்ட வாய் போன மாசி மாதத்தில் அடைத்துப் போய்விட்டது.

மறைவிடத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்திருந்தது. காய்ச்சல். ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நான்காம் நாள் மாமியார் மீனம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கொப்புளம் என்ற ஒரு சொல் போதும், மீனம்மாவுக்கு அது அம்மைதான். டவுனில் வேப்பிலை வாங்கி வந்து வாசல் நிலையில் கட்டிவிட்டாள். கட்டியதோடு லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆளுக்கொரு இளநீரோடு வந்து வாசலுக்கு வெளியே நின்று, எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒன்று இல்லை, நெஞ்சில் ஒன்று இல்லை. இதென்ன அம்மை, இடம் பார்த்துப் போடுகிற அம்மை? மீனம்மா கத்தக் கத்த அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மறைவிடத்து வியாதிகளுக்கென்று பின்பக்கத்தில் தனியாக ஒரு கிளினிக் இருக்கிறது. டொக்டர் ஒரு சிங்களப் பெண். ஜெயந்தினிக்குச் சிங்களம் அரைகுறை, அதனால் நான்தான் இரண்டு பக்கமும் சொன்னேன். வியாதியின் பெயர் ஹேர்பீஸ், படுக்கையில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது என்றார். மருந்து கொடுத்தார், புருஷனையும் கூட்டிவரச் சொன்னார். நிரோஷன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்தான். இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இருந்தது.

"யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு கேளுங்கக்கா," என்றாள் ஜெயந்தினி.

கேட்டேன். டொக்டர் தலையை ஆட்டினார். கிருமி இருக்கிறது என்று மட்டும்தான் இரத்தம் சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. வருஷக்கணக்கில் உடம்புக்குள் சும்மா கிடக்கும். ஒரு கொப்புளம்கூட வராத ஆளிடமிருந்தும் இன்னொருவருக்குப் போகும். இதைப் பொறுமையாக இரண்டு தடவை விளக்கினார். அந்த டொக்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை படிப்பு, இத்தனை மெஷின், ஒருத்தியின் குடும்பம் பிழைக்க ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

லயத்துக்கு வந்தால், எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் கேட்கிறார்கள். வேப்பிலை கட்டிய வீடு பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். நிரோஷன் தாயிடம் விஷயத்தைச் சொல்ல, குவைத்திலிருந்து கொண்டு வந்துவிட்டாள் என்று மீனம்மா ஆரம்பித்தாள். இவள் வந்து இரண்டு வருஷமாகிறது. இவன் ஒன்பது வருஷமாகக் கொழும்பில் தனியாகக் கிடக்கிறான். அவனை ஒரு நாயும் கேட்கவில்லை.

கடைசியில் மீனம்மா ஒரு தீர்ப்பு வைத்தாள். வெள்ளிக்கிழமை முனியாண்டி கல்லில், வியாதி என்னிடமிருந்து வரவில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஜெயந்தினி தாய் வீட்டுக்குப் போகவேண்டும், பிள்ளை இங்கே இருக்கும். எங்களிடம் சத்தியம் என்றால் விளையாட்டு இல்லை. பிள்ளையைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். பொய்ச் சத்தியமாக இருந்தால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும்.

வியாழக்கிழமை பகல் ஜெயந்தினி மடுவத்துக்கு வந்தாள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவோரமாக உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குவைத்தில் வீட்டுக்காரியின் தம்பி ஒருநாள் இவள் சமைத்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்து கதவைப் பூட்டினானாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை. இதுவரை தாயிடம்கூடச் சொன்னதில்லை.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், பிறகு அவளையே திட்டினேன். அது உன் தப்பாடி, நாளைக்குப் போய்க் கையை வைத்து அணை, பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவாய் என்று கத்தினேன்.

"தப்புப் பண்ணலைன்னு சத்தியம் பண்ணச் சொன்னா ஆயிரம் தடவை பண்ணுவேன். என்கிட்ட இருந்து வரலைன்னுதானே பண்ணச் சொல்றாங்க. அந்தப் பாவிகிட்ட இருந்து வந்திருந்தா? புள்ளைய நிறுத்தி வச்சு எப்பிடிக்கா பண்ணுவேன்?"

நான் கத்தியதில் ஒரு குழந்தை விழித்து அழுதது, அதைத் தூக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூட உடுப்போடு கல்லுக்கு முன்னால் நின்றது. நிரோஷன் முன்னால் வந்து, நான் கொண்டு வரவில்லை என்று சொல்லிப் படீரென்று அடித்து அணைத்துவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். மீனம்மா இரண்டாவது கற்பூரத்தைக் கொளுத்தினாள். ஜெயந்தினி கையை நீட்டினாள். பிள்ளையைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள்.

"யாருகிட்ட இருந்துன்னு எனக்குத் தெரியாதுங்க அத்தை. டொக்டருக்கே தெரியல."

"தெரியாதுன்னு ஒரு சத்தியம் எங்கயாச்சும் இருக்கா புள்ள?" என்றாள் மீனம்மா.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. குவைத்துக் கதையைப் போட்டு உடைக்கலாமா என்று என் நாக்கு துடித்தது. ஜெயந்தினி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே அவளைக் கொட்டகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிள்ளை பாட்டியின் பிடியில் கதறிக்கொண்டு நின்றது.

இது நடந்து ஐந்து வாரம். தினமும் மத்தியானம் மடுவத்துக்குப் போன் எடுக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதா, சாப்பிட்டதா, காய்ச்சல் ஏதும் இல்லையே என்று கேட்கிறாள். போன திங்கட்கிழமை பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். வெறும் தடிமன்தானடி, மழையில் நனைந்தது, உனக்கென்ன பைத்தியமா என்று அதட்டினேன்.

"இல்லக்கா. அவரு புள்ளைய நிறுத்தி வச்சுக் கற்பூரத்த அடிச்சு அணைச்சாரே. அவருகிட்ட இருந்து வந்திருந்தா அந்தப் பொய்ச் சத்தியம் புள்ளையத்தானே பிடிக்கும்," என்றாள். பிறகு, "நான் இப்ப தினமும் வேண்டிக்கிறதே, அது என்கிட்ட இருந்தே வந்ததா இருக்கணும்னுதான்," என்றாள்.