ராணி தலை குனிந்த சனிக்கிழமை

இளவரசி கார் விபத்தில் இறந்துபோன செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. டிவியில் அதைப் பார்த்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "அய்யோ, அந்த அம்மா அந்த ரெண்டு பசங்கள எப்படித் தேத்தப் போறாங்களோ" என்றாள். அந்த அம்மா என்றால் இங்கிலாந்து மகாராணி. ஊரே மருமகளுக்காக உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது மாமியாருக்காகக் கவலைப்பட்டவள், எனக்குத் தெரிந்து, என் அம்மா ஒருத்திதான்.

அப்போது நாங்கள் மாமல்லபுரத்தில் இருந்தோம். மீனவர் குப்பத்தை ஒட்டிய சந்தில் வீடு. கீழே அம்மாவும் அவள் ஒரே மகளான நானும். மாடியில் இருந்த இரண்டு அறைகளையும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அப்படித் தங்கிப்போன யாரோ விட்டுச்சென்ற காலண்டரிலிருந்து ராணியின் படத்தை வெட்டி, கண்ணாடி போட்டு, அம்மா முன்னறையில் மாட்டியிருந்தாள். ராணியைப் பற்றிப் பத்திரிகையில் எது வந்தாலும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். வருஷக்கணக்கில் ஒரே முகத்தோடு தினமும் வெளியே வந்து வேலையைப் பார்க்கிற பொம்பளை என்பதுதான் அவளுக்குப் பிடித்தது. "வூட்ல ஆயிரம் இருக்கும். வெளில காட்டுறாங்களா பாரு" என்பாள்.

அந்த வாரம் மாடியில் ஒரு ஆங்கிலேய அம்மாள் தங்கியிருந்தார். அறுபது வயதிருக்கும். தனியாக வந்தவர். பகலெல்லாம் புடைப்புச் சிற்பங்களுக்கு எதிரே குடையை விரித்து உட்கார்ந்து படம் வரைவார். அம்மா அவரை மேடம் என்றே கூப்பிடுவாள். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. செங்கல்பட்டுக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான்தான் இருவருக்கும் நடுவில்.

செய்தி வந்த நாளிலிருந்து மேடம் வரையப் போகவில்லை. அறையிலேயே இருந்தார். சாப்பிடக் கீழே வரும்போது கண்கள் வீங்கியிருக்கும். எங்கள் சந்திலோ பேச்சு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. லண்டனில் ஜனங்கள் கோபமாக இருக்கிறார்கள், அரண்மனையில் அரைக்கம்பத்தில் ஒரு கொடிகூடப் பறக்கவில்லை, ராணி பேரப்பிள்ளைகளோடு ஏதோ மலையூர் மாளிகையில் இருக்கிறார், ஊருக்குத் திரும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்று டிவி சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மீன்காரக்கா வாசலில் கூடையை இறக்கும்போதெல்லாம் அம்மாவைச் சீண்டினாள்.

"இன்னாக்கா, உங்க ராணி இன்னும் வாயே தொறக்கலியாமே? மாமியான்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் கீறாங்க."

அம்மா மீனைப் புரட்டிப் பார்ப்பாள்.

வியாழக்கிழமை காலை, தோசைத் தட்டை அம்மா மேஜையில் வைத்தபோது, மேடம் சுவரில் இருந்த படத்தைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இதை எடுத்துவிடச் சொல். நான் சாப்பிடுகிற இடத்தில் இந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை."

நான் தயங்கினேன். அம்மாவுக்கு விரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. "என்னவாம்?" என்றாள். சொன்னேன்.

"ஏனாம்?"

"அவருக்கு இதயம் இல்லை" என்றார் மேடம். அவர் குரல் ஏறியது. "அந்தப் பிள்ளைகளை யாரும் பார்க்க முடியாமல் பூட்டி வைத்திருக்கிறார். அழுகிற எல்லோரிடமிருந்தும் அவர்களை மறைத்து வைத்திருக்கிறார்."

நான் கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேடத்தைப் பார்த்துத் தமிழிலேயே நேராகப் பேசினாள். "தாயில்லாத புள்ளைங்கள ஊரு முன்னாடி நிறுத்தி வேடிக்கை காட்டணுமா? அவங்க கூட்டினு போனதுதான் சரி. நானும் அதத்தான் செஞ்சேன். இன்னிக்கும் அதத்தான் செய்வேன். படம் அங்கதான் இருக்கும்னு சொல்லு."

நான் சொன்னேன். மேடம் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

'நானும் அதைத்தான் செய்தேன்' என்று அம்மா சொன்னது எனக்குப் புரிந்தது. என் அப்பா சொந்த ஊரான அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில், ஜிஎஸ்டி ரோட்டில் லாரி மோதி இறந்தார். எனக்கு எட்டு வயது. அம்மா அழவில்லை. பிணத்தருகே உட்காராமல் எனக்கு சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள் என்று அப்பா வீட்டு ஜனங்கள் காலம் முழுக்கச் சொன்னார்கள். காரியம் முடிந்ததும் தாத்தா, அப்பாவின் அப்பா, "புள்ளைய இங்க வுட்டுட்டு நீ உன் வழியப் பாத்துக்கோ" என்றார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டாள். ஒருமுறை தாத்தா தேடிக்கொண்டு வந்தார். அம்மா கேட்டைத் திறக்கவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவரைப் பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

வியாழனும் வெள்ளியும் வீட்டில் மூச்சுவிடக்கூட கஷ்டமாக இருந்தது. மேடம் கீழே சாப்பிட வரவில்லை. நான் மேலே கொண்டுபோய் வைத்த தட்டு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். அம்மா அதைப் பார்ப்பாள்.

சனிக்கிழமை மதியம் இறுதி ஊர்வலம் நேரடியாக ஒளிபரப்பானது. சந்தில் கேபிள் இருந்த வீடு எங்களுடையது என்பதால் முன்னறை நிரம்பிவிட்டது. மீன்காரக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். கட்டுமரத்தில் போகிறவர் அவர். காற்று சரியில்லை என்று அன்று கடலுக்குப் போகவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், மேடம் கருப்பு உடையில் இறங்கி வந்தார். பெண்கள் நகர்ந்து நாற்காலி கொடுத்தார்கள். அம்மா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

பெட்டி அரண்மனையைக் கடந்தபோது ராணி வாசலில் நின்றிருந்தார். தலையைக் குனிந்தார். அறையில் ஒரு சலசலப்பு.

"பார்றா, தலைய குனிஞ்சிட்டாங்க" என்றாள் மீன்காரக்கா.

"நான் சொன்னேன்ல?" என்றாள் அம்மா. சத்தமாகவே சொன்னாள். சொல்லும்போது மேடத்தைத்தான் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பையன்களும் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். சின்னவன் தலையே நிமிரவில்லை. பெண்கள் விசும்பினார்கள். மேடம் எழுந்து வெளியே போனார். மாடிப்படி வெளியில்தான் இருந்தது. அறைக்குப் போகிறார் என்று நினைத்தோம்.

கூட்டம் கலைந்து மீன்காரக்காவும் வீட்டுக்காரரும் மட்டும் இருந்தபோது அம்மா டீ போட்டாள். "நானே கொண்டு போறேன்" என்று மேலே ஏறினாள். உடனே டம்ளரோடு திரும்பி இறங்கினாள்.

"ரூம் தொறந்து கெடக்கு. செருப்பு கீழ கெடக்கு. ஆள் இல்ல."

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், அந்த வெள்ளைக்காரம்மா வெறுங்காலோடு கடல் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். மீன்காரக்காவின் வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் எழுந்தார். "இன்னிக்கா? இன்னிக்கி தண்ணி உள்ள இழுக்குதே" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் ஓடினோம்.

கரையில் யாருமில்லை. அலை உயர உயர எழுந்து மணலை அள்ளிக்கொண்டு போனது. மீன்காரக்காவின் வீட்டுக்காரர் வடக்கே ஓடினார். மீன்காரக்கா தண்ணீரோரமாகக் கத்திக்கொண்டே போனாள். அம்மாதான் முதலில் பார்த்தாள். தெற்கே, கடற்கரைக் கோயிலைக் காப்பாற்றக் கடலுக்குள் கொட்டியிருந்த பாறாங்கற்களின் கடைசியில், ஒரு கருப்பு உடை. அலை ஒவ்வொரு முறை மோதும்போதும் அந்த உருவம் நுரைக்குள் மறைந்து திரும்பத் தெரிந்தது.

அம்மா ஏரிக்கரை ஊரில் பிறந்தவள். கடலில் காலை நனைத்து நான் பார்த்ததில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பாசி வழுக்கும் கற்களின் மேல் நாலு காலாகத் தவழ்ந்து போனாள். நான் பின்னால் போனேன். இரண்டு முறை அவள் கால் வழுக்கியது. கத்தினால் விழுந்துவிடுவாளோ என்று கத்தவும் இல்லை.

மேடம் திரும்பிப் பார்த்தார். "போய்விடுங்கள்" என்றார்.

அம்மா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "என்னாச்சுன்னு கேளு" என்றாள் என்னிடம்.

அலைச் சத்தத்தில் நான் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. மேடம் கடலைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய ஒரே மகள் போன வருஷம் கார் விபத்தில் இறந்துவிட்டாள். இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு ஒன்பது வயது. மருமகனின் வீட்டார் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "என்னைப் பார்த்தால் குழந்தைகளுக்கு அம்மா ஞாபகம் வருகிறதாம். பார்க்கவே விடமாட்டேன் என்கிறார்கள். வாசல் வரை போனேன். கதவைத் திறக்கவில்லை."

அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"முழுசா சொல்லு."

"வாசல் வரைக்கும் போனாங்களாம்மா. கதவத் தொறக்கலியாம்."

ஒரு பெரிய அலை வந்து எங்கள் மூன்று பேரையும் நனைத்துவிட்டுப் போனது. அம்மா பிடியை விடவில்லை. அவள் உதடுகள் அசைந்தன. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தொறக்காதது நான்தான்னு சொல்லு" என்றாள்.

"அம்மா..."

"சொல்லுடி. நானும் ஒருத்தரு வந்தப்ப தொறக்கல. புள்ளையப் புடுங்கிக்குவாங்களோன்னு பயம். அவங்களும் பயந்துனு இருப்பாங்க. திரும்பப் போகச் சொல்லு. இங்க உக்காந்தா யாரு தொறப்பா?"

நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மேடம் அம்மாவின் முகத்தை அன்றுதான் முதல்தடவை சரியாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கோபம் வந்து கையை உதறிவிடுவாரோ என்று பயந்தேன். உதறவில்லை. "யார் வந்தது?" என்று கேட்டார். "என் தாத்தா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "உன்னைப் பார்க்கவா?" என்றார். நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார்.

மீன்காரக்காவின் வீட்டுக்காரர் வந்து ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். "இன்னாம்மா நீ, உனக்கு நீச்சலே தெரியாதே" என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். கரை சேர்ந்த பிறகுதான் அம்மாவின் முழங்கால்கள் கிழிந்திருப்பதைப் பார்த்தோம்.

மேடம் மறுவாரம் ஊருக்குக் கிளம்பினார். அவருக்கு அந்த வீட்டில் கதவு திறந்ததா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அவர் திரும்பி வரவில்லை. ராணியின் படம் சுவரில் அப்படியே இருந்தது. போகும் நாளில் அதன் கீழே உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டார்.

அவரை விமான நிலையத்துக்கு வண்டி ஏற்றிவிட்ட மறுநாள் அம்மா என்னைக் காலேஜுக்கு லீவு போடச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. செங்கல்பட்டில் இறங்கி மதுராந்தகம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். தாத்தா உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாது.

இருந்தார். அச்சரப்பாக்கத்தில் அதே வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருந்தது.

"யாரது?"

"உங்க பேத்தியக் கூட்டினு வந்திருக்கேன் மாமா" என்றாள் அம்மா.

அவர் அசையவில்லை. உள்ளேயிருந்து பெரியம்மா, அப்பாவின் அண்ணி, எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் போய் அவர் காலைத் தொட்டேன். கை நீட்டி என் தலையை, காதை, தோளைத் தடவிப் பார்த்தார். "இவ்ளோ ஒசரம் வளந்துட்டியா" என்றார். அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. சாப்பிட இலை போட்டபோதும் அவளோடு பேசவில்லை. அம்மா சாப்பிட்டு முடித்தாள். திரும்பும்போது பஸ்ஸில், "நீ போய் வந்துகினு இரு" என்றாள். "நான் வரல. அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அக்டோபரில் ராணி சென்னைக்கு வந்தார். ஜனங்கள் சாலையோரம் காத்துக் கிடப்பார்கள் என்று தெரிந்தும் அம்மா மீன்காரக்காவை இழுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். நான் அன்று அச்சரப்பாக்கத்தில் இருந்தேன். தாத்தா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி, என்ன நடக்கிறது என்று என்னைச் சொல்லச் சொன்னார். தொப்பி போட்டிருக்கிறார், கையாட்டுகிறார், இருபுறமும் கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்கம்மா போயிருக்காளா?" என்றார் திடீரென்று. அவர் வாயில் அம்மாவின் பேச்சு வந்தது அதுதான் முதல்முறை.

"ஆமா தாத்தா. காலைலயே போயிட்டாங்க."

அவர் டிவி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சாப்டாம நின்னுகினு இருப்பா. புடிவாதக்காரி" என்றார்.